நாலாயிரவர் வந்த கதை: வரலாற்று மூலாதாரங்களைத் தேடும் முறை

யான் தமிழாசிரியன், வரலாறு எனக்குரிய பாடமன்று. இக்கல்லூரியிற் கற்று, ஆசிரியப் பயிற்சி முடித்து, கல்முனைப் பகுதிப் பாடசாலையொன்றிற் பணியாற்றி வருங்கால், வரலாற்றாசிரியர் இடமாற்றம் பெற்றுச் செல்லவே, அப்பாடத்தை ஓராண்டு நடத்தும் பொறுப்பு என்மேல் விழுந்தது. கைந்நூலொன்றைத் துணைக்கொண்டு குறிப்புச் சொல்லி எழுதுவித்தேன். “1626ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் நாலாயிரவரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்பிற் குடியேற்றினான்” என்பது அக்குறிப்பில் ஒரு வாக்கியம். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், இதைக் கண்டு எழுதினவர் ஆர்?” என்று வினாவினான். விடை தெரியவில்லை. நாளை கூறுவேன் என்று அவனை இருத்தினேன். அந்த நாளை வருவதற்கு மூன்று வாரம் சென்றது.

தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரும் வகுப்பு அது. இக்கரையோரத்தில் அவ்வாக்கியம் வெறும் தேர்வுக் குறிப்பன்று. “நீங்கள் அப்பொழுதுதான் வந்தீர்கள்” என்று சொல்வோருக்கும் அது கைக்கொடுக்கும். “நாங்கள் நானூறு ஆண்டாக இருக்கிறோம்” என்று சொல்வோருக்கும் அதுவே கைக்கொடுக்கும். இருதிறத்தாரும் வழங்கும் அந்நாணயம் எந்த அக்கசாலையில் அடிக்கப்பெற்றது என்று நோக்குவாரைத்தான் காணோம்.

கைந்நூல் மற்றொரு நூலைச் சுட்டியது; அந்நூல் வேறொன்றைச் சுட்டியது. ஈற்றில் எல்லாம் சென்று சேர்ந்த இடம் குவேறோஸ் பாதிரியார் எழுதிய இலங்கை வரலாறு. அது போர்த்துக்கேய மொழியிலே 1687இல் எழுதி முடிக்கப்பெற்றது, 1916இலே கொழும்பில் அச்சேறியது, எஸ். ஜி. பெரேரா பாதிரியார் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1930இல் வெளிவந்தது. முன்னாளில் இதனைக் காண விரும்புவோர் கொழும்புக்கு அல்லது பேராதனைக்குப் பயணஞ் செய்து, நூலகத்தில் அனுமதி பெற்றுக் காத்திருத்தல் வேண்டும். இன்றோ இணைய ஆவணகத்தில் அம்மொழிபெயர்ப்பின் பக்கங்களைப் படமாகவே காணலாம். பாடசாலைக் கணினியில் அதனைத் திறந்து, மாணவரைச் சூழ இருத்திப் பக்கம் பக்கமாகத் தேடினோம்.

கண்டது யாது? நாலாயிரவர் என்ற தொகை அங்கே உண்டு; மட்டக்களப்பும் உண்டு. ஆயின் ‘குடியேற்றினான்’ என்று யான் எழுதுவித்த இடத்தில், காவற்படையாக நிறுத்தினான் என்ற பொருளே நின்றது. காவற்படை வேறு, குடியேற்றம் வேறு. படைவீரர் குடியானவராதலும் உண்டு. ஆயின் அது நாம் ஊகிப்பது, மூலம் உரைப்பதன்று. அவர்கள் வருவதற்கு முன் இக்கரையில் முஸ்லிம்கள் இருந்தனரா என்பது பற்றி அவ்வாக்கியம் வாய்திறக்கவில்லை. அதனை வைத்து ‘முன்னர் ஒருவரும் இலர்’ என வாதிடுவது, ஒரு வீட்டுக்கு விருந்தினர் வந்தார் எனக் கேட்டு, வீட்டுக்காரரே இல்லை என்று முடிபு செய்வது போலாம்.

இன்னுமொன்று. குவேறோஸ் கோவாவில் இருந்து எழுதியவர், இலங்கையில் அடிவைத்தவரல்லர். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே அறுபத்தோராண்டு. பிறர் எழுத்துக்களையும் வாய்மொழிகளையும் திரட்டியே அவர் எழுதினார். ஆகவே மாணவன் வினாவுக்கு விடை, கண்டவர் எழுதவில்லை, கேட்டவர் எழுதினார் என்பதே. அதனாற் செய்தி பொய்யாகிவிடாது. எத்துணை உறுதியாகச் சொல்லலாம் என்பதுதான் மாறும். மறுநாட் குறிப்பில் அவ்வாக்கியத்தைத் திருத்தி எழுதுவித்தேன். பல்லாண்டாக அதனை அவ்வாறே எழுதிவந்த ஆசிரியர் சிலர்க்கு அஃது உவப்பாயில்லை. தேர்வில் எதனை எழுதுவது என்று பெற்றோர் ஒருவரும் கேட்டார், நியாயமான கேள்விதான்.

தேடும் முறையிலே நாம் இடறிய இடங்களையும் சொல்லுதல் நன்று. ‘அம்பாறை’ என்று தேடினால் பழைய ஏடுகளில் நம்மூர் அகப்படாது. அம்பாறை மாவட்டம் 1961இலேயே மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட எதனையும் மட்டக்களப்பின் கீழேயே தேடவேண்டும். கல்முனைச் செய்திகள் ‘கரைவாகுப் பற்று’ என்ற பெயரிலும், அயலூர்ச் செய்திகள் ‘நிந்தவூர்ப் பற்று’, ‘சம்மாந்துறைப் பற்று’ என்ற பெயர்களிலும் கிடக்கின்றன. முஸ்லிம்கள் ஐரோப்பியர் ஏடுகளிலே ‘மூர்’ எனப்படுவர். ஓரூரின் பெயரை ஐரோப்பியர் ஐந்து விதமாக எழுதியிருப்பர். ஐந்தையும் இட்டுப் பார்த்தல் வேண்டும்.

படத்தை எழுத்தாக மாற்றும் பொறியையும் முற்றாக நம்பலாகாது. 1660இற் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்ட ரொபட் நொக்ஸ், மீண்டுபோய் 1681இல் வெளியிட்ட நூலின் பழைய அச்சிலே, ஆங்கில ‘எஸ்’ எழுத்து நீண்டு ‘எப்’ போலத் தோன்றும். பொறி அதனை ‘எப்’ என்றே படித்துவிடும். அதனைப் பார்த்து நகைத்த மாணாக்கர், நம் பழந்தமிழ் அச்சின் ணை, லை, றா என்னும் எழுத்துக்களின் முன்னைய வடிவத்தைக் கண்டவுடன் தாமும் அவ்வாறே தடுமாறினர்.

தமிழில் நமக்கு உற்ற துணையாயிருப்பது 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகமே. ஈழத்து நூல்கள், இதழ்கள், பாடசாலை மலர்கள் ஆகியவற்றை அஃது இலவசமாக வாசிக்கத் தருகின்றது. எப். எக்ஸ். சி. நடராசா 1962இற் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மிய’த்தைக் குவேறோஸின் அருகில் வைத்து வாசித்தல் சுவையான பயிற்சி, இரண்டும் வெவ்வேறு தேவைக்காக எழுந்தவை. இவ்வாறே பொன். இராமநாதன் 1888இற் சோனகர் இனவியல் பற்றி நிகழ்த்திய உரையையும், ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் எழுதிய மறுப்பையும் இணைத்தே வாசிக்கவேண்டும். ஒன்றை மட்டும் வகுப்புக்குக் கொண்டுசெல்வது ஆசிரியர்க்கு அழகன்று. ஒல்லாந்தக் கம்பெனியின் ஏடுகளும் ஏறக்குறைய 50 இலட்சம் பக்கம் பொறியாற் படிக்கப்பெற்று இணையத்தில் உள்ளன. யான் ஒல்லாந்த மொழி அறியேன். அறிந்த இளைஞர் ஒருவர் இவ்வூரிற் பிறப்பாராயின், 1638இல் மட்டக்களப்புக் கோட்டை கைமாறிய பின்னைய காலம் நமக்குத் திறக்கும்.

எனினும் இணையத்தில் உள்ளவை பெரும்பாலும் ஆள வந்தவர் எழுதியவை. நம்மவர் எழுதியவை வீட்டுப் பெட்டகத்திலும், கோயிற் கணக்கேட்டிலும், பள்ளிவாசற் பதிவிலும் இருந்தன. இருந்தன என்றே சொல்லவேண்டும். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் ஏறிவந்தபோது, மருதமுனை தொடக்கம் கரையோர வீடுகள் எத்தனையோ பெட்டகங்களோடு போயின. எஞ்சியவற்றையேனும் கைத்தொலைபேசியாற் படமெடுத்து, யாருடையது, எங்கிருந்தது, எந்நாளில் எடுத்தது என்பவற்றை உடன் குறித்து வைக்குமாறு மாணாக்கரை ஏவினேன். முன்னட்டை தொடங்கிப் பின்னட்டை வரை வெற்றுப் பக்கமும் விடாது எடுக்கவேண்டும் என்பது ஒன்றே யான் இட்ட விதி.

முதலில் வந்தது அந்தப் பின்வரிசை மாணவனின் மூதாட்டி வீட்டுக் காணி உறுதி. வயற்புறத்து வாடியில் இருந்தமையால் அது தப்பியது. எல்லை கூறும் பகுதியை வகுப்பில் உரக்க வாசித்தான்: வடக்கே தமிழர் ஒருவர் காணி, தெற்கே முஸ்லிம் ஒருவர் காணி, கிழக்கே ஒரு வாய்க்கால். அவ்வாய்க்காலின் பெயரை வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை, யானும் கேட்டதில்லை. அன்று மாலை இருவர், வட்டவிதானையாராயிருந்த ஒரு முதியவரைத் தேடி வயற்பக்கம் சைக்கிளிற் புறப்பட்டனர்.