சுண்டெலியின் கடிகாரமும் பஞ்சுக் கூடும்

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று எங்கள் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு பிள்ளை அதிகாலையில் எழும்பினால் "அது உம்மும்மாவின் பழக்கம்" என்பார்கள். இன்னொரு பிள்ளை இரவில் விழித்திருந்து காலையில் தூங்கினால் "சோம்பேறி" என்பார்கள். முதலாவது பிறவிக் குணமாம், இரண்டாவது பிள்ளையின் குற்றமாம்! உண்மையில் எது பரம்பரையால் வருகிறது, எது சூழலால் வருகிறது? உயர்தர வகுப்பில் பரம்பரையியல் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடை தேடிப் போன என்னை அது கொண்டுபோய்ச் சேர்த்தது, வீட்டில் கண்டால் தும்புத்தடியோடு துரத்துகிறோமே, அந்தச் சுண்டெலியிடம்தான்.

மூளைக்குள் ஒரு கடிகாரம்

சுண்டெலி இரவில் விழித்துப் பகலில் உறங்கும் பிராணி. அதை முழு இருட்டில் வைத்தாலும் இந்த ஒழுங்கு நின்றுவிடுவதில்லை. கூண்டில் ஓடுசக்கரம் ஒன்றை வைத்து, அது ஓடும் நேரத்தைப் பதிந்து பார்த்திருக்கிறார்கள். இருட்டிலும் அது நாள் தவறாமல் ஓடி, ஓய்ந்து, மீண்டும் ஓடுகிறது. ஆனால் அதன் "நாள்" 24 மணித்தியாலத்திலும் சற்றுக் குறைவு. ஆகவே அது சூரியனைப் பார்த்து மட்டும் நேரம் அறிவதில்லை. அதன் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது.

அந்தக் கடிகாரம் மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ளது. இரண்டு சிறிய கலத்தொகுதிகள். சுண்டெலியில் இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 20,000 நரம்புக்கலங்கள். 1972 இல் எலிகளில் இப்பகுதியை அழித்துப் பார்த்தபோது அவற்றின் நாளாந்த ஒழுங்கு குலைந்தது. 1990 இல் வெளியான ஹம்ஸ்டர் ஆய்வு இன்னும் தெளிவானது. வழமையான ஹம்ஸ்டரின் நாள் ஏறத்தாழ 24 மணித்தியாலம். ஒரு விகாரத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற ஹம்ஸ்டரின் நாளோ ஏறத்தாழ 20 மணித்தியாலம். கடிகாரம் அழிக்கப்பட்ட ஒன்றுக்கு மற்றதன் கலங்களைப் பொருத்தியபோது, கொடுத்ததன் நேரமே பெற்றதன் நேரமாயிற்று.

பரம்பரையலகு என்ன செய்கிறது?

1994 இல் ஜோசப் தகஹாஷியின் குழுவினர், இரசாயனத்தால் விகாரங்களை உண்டாக்கிப் பெற்ற ஏறத்தாழ 300 சுண்டெலிகளைச் சோதித்தனர். அவற்றுள் ஒன்றின் நாள் மட்டும் 24 மணித்தியாலத்தைத் தாண்டி நீண்டிருந்தது. அதன் வழிவந்தவற்றுள் விகாரத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவற்றின் நாள் 27, 28 மணித்தியாலம் வரை நீண்டு, பின்னர் ஒழுங்கே இல்லாமற் போனது. அந்தப் பரம்பரையலகுக்குக் "குளொக்" என்று பெயரிட்டனர்.

குளொக் புரதம் பீமல் என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்து, "பெர்", "கிரை" என்னும் பரம்பரையலகுகளை இயங்கச் செய்கிறது. அவற்றிலிருந்து உருவாகும் புரதங்கள் மெல்ல மெல்லச் சேர்ந்து, கலத்தின் கருவுக்குள் திரும்பி வந்து, தம்மை உருவாக்கிய வேலையையே நிறுத்துகின்றன. பின்னர் அவை சிதைந்து குறைய, வேலை மீண்டும் தொடங்குகிறது. இப்படி ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கிறது. பழ ஈயில் இத்தகைய பொறிமுறையைக் கண்டறிந்த மூவருக்கு 2017 இல் நோபல் பரிசு கிடைத்தது.

கூடு கட்டும் குணம்

சுண்டெலியின் உடல் சிறியது. வெப்பத்தை விரைவில் இழந்துவிடும். ஆகவே ஆணும் பெண்ணும் கூடு கட்டுகின்றன. குட்டி ஈனும் காலத்துக்கு மட்டுமல்ல, உறக்கத்துக்கும் கூடு வேண்டும். மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் சுரக்கும் சில நரம்புக்கலங்களை அடக்கினால், சுண்டெலி முதலில் கூட்டைச் சீராக்கி, அதன் பின்னரே உறங்குகிறது என்று 2016 இல் வெளியான ஆய்வு காட்டியது. நாங்கள் பாயை உதறி விரிப்பது போலத்தான்!

இந்தக் குணம் பரம்பரையாக வருமா? அமெரிக்க விஞ்ஞானி கரோல் லின்ச் சுண்டெலிகளுக்குப் பஞ்சு கொடுத்து, நான்கு நாட்களில் ஒவ்வொன்றும் எவ்வளவு பஞ்சை இழுத்தெடுக்கிறது என்று நிறுத்துப் பார்த்தார். அதிகம் எடுத்தவற்றைத் தம்முள்ளும், குறைவாக எடுத்தவற்றைத் தம்முள்ளும் தலைமுறை தலைமுறையாக இனம்பெருக்கினார். முடிவில் ஒரு வழியினர் பெருங்கூடு கட்டினர். மற்ற வழியினர் பஞ்சைப் பெரிதாகத் தொடவில்லை. பின்னர் இவ்விரு வழியினரின் மூளைகளையும் ஒப்பிட்டனர். முன்பு சொன்ன அதே கடிகாரப் பகுதியில், வாசோபிரசின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்புக்கலங்களின் எண்ணிக்கை வேறுபட்டிருந்தது.

அதே வாசோபிரசின் 2017 இல் இன்னோர் ஆய்விலும் தலைகாட்டியது. வட அமெரிக்காவின் மான் எலிகளில் ஒரு இனம் நல்ல கூடு கட்டும். அதன் உறவினமான மற்றையது அரைகுறையாகக் கட்டும். குட்டிகளைப் பெற்றோர் மாற்றி வளர்த்தபோதும் அவை தம் இனத்தின் வழியிலேயே நடந்தன. நல்ல கூடு கட்டும் இனத்துக்கு வாசோபிரசினை மூளையில் செலுத்தியபோது கூடு கட்டுதல் குறைந்தது. குட்டிகளைப் பராமரிக்கும் மற்ற வேலைகளோ மாறவில்லை. "நல்ல தாய்" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது, மூளையில் தனித்தனியான பல குணங்களின் சேர்க்கை என்பதை இதில் நான் கண்டேன்.

எங்களுக்கு என்ன பாடம்?

எல்லாம் பிறவியில் வந்தது என்று கையைக் கட்டிக்கொள்ளலாமா? அப்படியல்ல. பெருங்கூடு கட்டும் வழியில் பிறந்த சுண்டெலியும் பஞ்சு கொடுக்காவிட்டால் எதைக் கொண்டு கட்டும்? குளிர் கூடினால் கூடும் பெரிதாகிறது. கடிகாரமும் அப்படியே. விழித்திரையில் உள்ள சில விசேட கலங்கள் ஒளியை, சிறப்பாக நீல ஒளியை உணர்ந்து, மூளைக் கடிகாரத்தை நாள்தோறும் திருத்துகின்றன. பரம்பரை கடிகாரத்தைத் தருகிறது. முள்ளைத் திருப்புவது ஒளி.

மனிதரிலும் இதே பரம்பரையலகுகள் உள்ளன. நாங்கள் பகலில் விழித்திருப்பவர்கள் என்பதால் எலியில் கண்ட எல்லாவற்றையும் அப்படியே எங்களுக்குப் பொருத்த முடியாது. ஆயினும் ஒன்று நிச்சயம்: பருவ வயதில் உடற் கடிகாரம் பின்னோக்கித் தள்ளிப்போகிறது, உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் ஓமோன் இரவில் பிந்தியே சுரக்கத் தொடங்குகிறது. என் தங்கை பதினொரு வயதில் ஒன்பது மணிக்கே உறங்கிவிடுகிறாள். எனக்குப் பதினொரு மணியாகியும் கண் சொக்குவதில்லை. இதில் அவள் நல்லவளுமல்ல, நான் சோம்பேறியுமல்ல.

ஆனால் அந்தப் பதினொரு மணியை ஒரு மணியாக்குவது கையில் உள்ள தொலைபேசி. அதற்குப் பரம்பரையைக் குறை சொல்ல முடியாது. உறங்குமுன் திரையை அணைத்து, காலையில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் பட நின்றால், கடிகாரம் சிறிது சிறிதாக முன்னே வரும். பரீட்சைக்குப் படிக்கும் தோழிகள் இதைச் செய்து பாருங்கள். பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: ஒரு பிள்ளையின் நேரத்தை இன்னொரு பிள்ளையின் நேரத்தோடு ஒப்பிட்டு ஏசுவதற்கு முன், அவள் எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தாள், எத்தனை மணித்தியாலம் உறங்கினாள் என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.