தொடையை உட்புறம் திருப்பும் தசைகள்

முழங்கால் வலிக்கிறது என்று வைத்தியரிடம் போனால், சிலவேளைகளில் அவர் இடுப்பையும் பரிசோதிப்பார். மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கி, தொடையை உள்ளும் வெளியும் திருப்பிப் பார்ப்பார். "வலி முழங்காலில், இவர் ஏன் இடுப்பைப் பார்க்கிறார்?" என்று நாம் யோசிப்போம். அதற்குக் காரணம் உண்டு. இடுப்பு மூட்டில் கோளாறு தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் குறைவது, தொடையை உட்புறம் திருப்பும் அசைவுதான். அந்த அசைவைத் தரும் தசைகளைப் பற்றி இம்முறை பார்ப்போம்.

உட்புறம் திருப்புதல் என்றால் என்ன?

தொடை எலும்பின் மேல்முனை பந்து போன்றது. அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் பொருந்தியிருக்கிறது. அதனால் தொடையை முன்னே, பின்னே, பக்கவாட்டில் அசைப்பதோடு, தன் அச்சிலேயே சுழற்றவும் முடிகிறது. நேராக நின்று கால் பெருவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி கால்களை முழுவதுமாகத் திருப்புங்கள். அதுவே உட்புறச் சுழற்சி. வளர்ந்தவர்களுக்கு இது பொதுவாக 30 முதல் 45 பாகை வரை இருக்கும்.

எந்தெந்தத் தசைகள்?

இந்த வேலைக்கென்றே அமைந்த தசை எதுவும் இல்லை. வேறு முக்கிய வேலைகள் உள்ள தசைகள் சேர்ந்து இதையும் செய்கின்றன.

1. குளுட்டியஸ் மீடியஸ்: இடுப்பின் பக்கவாட்டில் விசிறி போல விரிந்திருக்கும் தசை. இதன் முன்பக்க நார்கள் தொடையை உள்ளே திருப்புகின்றன.

2. குளுட்டியஸ் மினிமஸ்: முன்னதன் அடியில் மறைந்திருக்கும் சிறிய தசை. இதன் முன்பக்க நார்களுக்கும் அதே வேலை.

3. டென்சர் ஃபேசியா லேட்டா: இடுப்பின் முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனையின் அருகே தொடங்கி, தொடையின் வெளிப்புறமாக முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை செல்லும் நார்ப்பட்டியில் சேர்கிறது.

இம்மூன்றுக்கும் மேல் குளுட்டியல் நரம்பே கட்டளை கொண்டு செல்கிறது. தொடையின் உட்புறத்தில் உள்ள சில தசைகளும் இவற்றுக்குக் கைகொடுக்கின்றன.

நடையில் இவற்றின் பங்கு

நாம் ஓர் அடி எடுத்து வைக்கும்போது, ஒரு கணம் முழு உடலும் ஒற்றைக் காலில் நிற்கிறது. அப்போது தூக்கிய காலின் பக்கம் இடுப்பு சரிந்துவிடாமல், ஊன்றிய காலின் பக்கத்திலிருந்து இழுத்துப் பிடிப்பவை இதே தசைகள்தான். அத்துடன் மறுபக்க இடுப்பு முன்னே நகர்வதற்கு ஊன்றிய காலின் இடுப்பு மூட்டில் உட்புறச் சுழற்சி தேவை.

இத்தசைகள் பலவீனமானால் தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தாழும். ஜெர்மனிய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஃபிரீட்ரிக் டிரெண்டலன்பர்க் 1895 இல் இதை விளக்கினார். இன்றும் இந்த அறிகுறிக்கு அவர் பெயரே வழங்குகிறது. இடுப்பு நோவுள்ள பெரியவர்கள் ஊன்றுகோலை நோவில்லாத பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பதும் இதனால்தான். அப்படிப் பிடித்தால் நோவுள்ள பக்கத் தசைகளின் சுமை குறையும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

பாதம் தரையில் தொடாதபடி உயரமான கதிரையில் அல்லது மேசையில் இருங்கள். தொடையை அசைக்காமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். பாதம் வெளியே போகும்போது தொடை உள்ளே திரும்புகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டு கால்களையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தெளிவாகக் குறைந்திருந்தாலோ, தொடை இடுக்கில் வலித்தாலோ குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். நடுவயதைக் கடந்தவர்களுக்கு அது மூட்டுத் தேய்வின் ஆரம்பமாக இருக்கலாம்.

பெற்றோர் கவனத்திற்கு

வேகமாக வளரும் பருவத்தில், சுமார் 10 முதல் 16 வயதுக்குள், சில பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் பந்துப் பகுதி வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவுவதுண்டு. உடல் எடை கூடிய பிள்ளைகளுக்கு இது அதிகம். இடுப்புக்கும் முழங்காலுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால், பிள்ளை முழங்கால் வலி என்றே சொல்லக்கூடும். நொண்டி நடப்பது, பாதம் வெளிப்புறம் திரும்பியிருப்பது, தொடையை உட்புறம் திருப்ப முடியாதது ஆகியவை முக்கிய அறிகுறிகள். "விளையாட்டில் பிடித்துக்கொண்டது, தானாகச் சரியாகிவிடும்" என்று எண்ணெய் தடவிக் காத்திருக்க வேண்டாம். மேலும் நடக்கவிடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகப் பழுதடையலாம்.

பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அரைமண்டி முழுவதும் வெளிப்புறச் சுழற்சி. அது இடுப்பிலிருந்து வரவேண்டும். முழங்காலை முறுக்கிப் பாதத்தை மட்டும் திருப்பினால் முழங்கால்தான் நோகும்.

எளிய பயிற்சிகள்

• ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்குங்கள். முழங்கால்கள் இரண்டும் ஒட்டியிருக்க, மேல் காலின் பாதத்தை மட்டும் உயர்த்தி இறக்குங்கள். பக்கத்துக்கு 10 தடவை.

• சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். இடுப்பு சரியாமல் 10 எண்ணும்வரை நின்று, கால் மாற்றுங்கள்.

வலித்தால் நிறுத்திவிடுங்கள். இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள், தங்கள் அறுவைச் சிகிச்சை நிபுணரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்காமல் இவற்றைச் செய்யக்கூடாது. பின்பக்கமாகத் திறந்து செய்யப்பட்ட சிகிச்சைக்குப் பின் முதல் சில மாதங்களில், காலை மடக்கி உட்புறம் திருப்பினால் புதிய மூட்டு விலகக்கூடும். தரையில் சம்மணமிட்டு இருப்பதற்கும் அவர்களிடம் கேட்டே தொடங்குங்கள்.

அடுத்த முறை வீட்டில் யாராவது முழங்கால் வலி என்றால், இடுப்பையும் ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.