வருமுன் காக்கும் கல்வி

நுழையும்முன்

நோயைக் குணப்படுத்தும் மருத்துவரை நாம் அறிவோம். நோய் வாராமல் தடுப்பதற்காக ஊர் ஊராகச் சென்று தரவு திரட்டும் ஆய்வாளரை அவ்வளவாக அறியோம். முனைவர் பட்டம் பெற்ற பின்னரும் அவர் மீண்டும் மாணவராவது ஏன்? பொருநைக் கரையில் நிகழும் ஒரு தொழிலை முன்வைத்து இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

பள்ளத்தாக்கின் வினா

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி என வயல்களை வளப்படுத்தியபடி கடலை நோக்கிச் செல்கிறது. இவ்வாற்றுப் பள்ளத்தாக்கில் நெல்லோடு சேர்ந்து எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறிடுவது பீடி சுற்றும் தொழில். முக்கூடல், மேலப்பாளையம், பேட்டை முதலிய ஊர்களில், மடியில் தட்டை வைத்து, நறுக்கிய இலையில் புகையிலைத் தூளை இட்டுச் சுருட்டி, நூலால் கட்டுவோர் பெரும்பாலும் பெண்களே. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலிக் கணக்கு. புகைக்கும் வழக்கமே இல்லாத இப்பெண்கள் நாள்தோறும் அத்தூளைத் தொடுகின்றனர்; அது கலந்த காற்றைச் சுவாசிக்கின்றனர். இஃது அவர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்குமா?

வினா எளிது, விடை காண்பது அரிது. ஓர் ஊரில் பீடி சுற்றும் பெண்கள் சிலருக்குப் புற்றுநோய் வந்தது என்பது மட்டுமே சான்றாகாது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கம், விறகடுப்பின் புகை, முதுமை ஆகியவையும் காரணமாகலாம். எனவே, அதே வயதும் அதே பழக்கமும் உடைய, ஆனால் பீடி சுற்றாத பெண்களோடு அவர்களை ஒப்பிட வேண்டும். புற்றுநோய் வெளிப்படப் பல்லாண்டுகள் ஆகும். ஆதலால் நெடுங்காலம் தொடர்ந்து கவனிக்கவும் வேண்டும். உயிரணுவை ஆராய்ந்து பட்டம் பெற்றவருக்கு மக்கள்தொகைக் கணக்கு பழக்கமில்லை. புள்ளியியல் கற்றவருக்கு நோயின் இயல்பு தெரியாது. இவ்விடைவெளியை நிரப்புவதே முனைவர் பட்ட மேலாய்வாளருக்கு அளிக்கப்படும் பயிற்சி.

பயிற்சியின் இயல்பு

தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1775ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட். புகைபோக்கி துடைப்போரிடம் காணப்பட்ட ஒருவகைப் புற்றுக்குக் கரியே காரணம் என அவர் உணர்ந்தார். எனினும், தடுப்பாய்வுக்கெனத் தனிப் பயிற்சி தோன்ற நெடுங்காலமாயிற்று. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1987இல் புற்றுநோய்த் தடுப்பு ஆய்வாளர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. பல்வேறு துறைகளில் முனைவர் பட்டம் பெற்றோர் அதில் பொதுநலவாழ்வியல் கற்று, பின்னர் மூத்த அறிஞரின் வழிகாட்டுதலில் ஆய்வு மேற்கொண்டனர்.

தமிழகத்தின் பங்கு

தமிழகத்தில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர் முத்துலட்சுமி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். அங்கு மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தி, சாந்தா ஆகியோரின் உழைப்பால் சிகிச்சையோடு ஆய்வும் கற்பித்தலும் வளர்ந்தன. 1984இல் புற்றுநோயியல் உயர்கல்விக்கெனத் தனிக் கல்லூரி உருவாயிற்று. சென்னை நகரில் யாருக்கு, எவ்வுறுப்பில் புற்றுநோய் தோன்றியது என்பதைத் தொகுக்கும் பதிவேடும் 1980களில் தொடங்கியது. பதிவேடு இன்றேல் தடுப்பு முயற்சி பயன் தந்ததா என அளக்க இயலாது.

அவ்வாறு அளந்து காட்டிய ஆய்வொன்று திண்டுக்கல் மாவட்டத்தில் நிகழ்ந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் நோக்கும் எளிய முறையில், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்தனர். பரிசோதனைக்குரிய ஊர்களைப் பிற ஊர்களோடு ஒப்பிட்டபோது, அப்புற்றால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. சங்கரநாராயணன் தலைமையிலான குழுவின் இம்முடிவு 2007இல் வெளியாகி உலகின் கவனத்தை ஈர்த்தது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத நாடுகளுக்கும் அது வழிகாட்டியது.

அறிவும் அறமும்

தீங்கு உண்டு என மெய்ப்பித்தலோடு ஆய்வாளரின் கடமை முடிவதில்லை. பீடித் தட்டைக் கீழே வை என்று சொல்வது எளிது. அன்று மாலை அவ்வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே! மாற்றுத் தொழில், கையுறை, காற்றோட்டமான பணியிடம், காலந்தோறும் பரிசோதனை ஆகியவற்றுள் எது இயலும், எது பயன்தரும் என்பதை அப்பெண்களிடமே கேட்டறிய வேண்டும். அவர்கள் தமிழில் பேசவும், அவர்கள் சொல்வதைப் பொறுமையோடு செவிமடுக்கவும் கற்பது புள்ளியியலுக்கு நிகரான பயிற்சியாகும். அவ்வகையில், பொருநைக் கரையில் பிறந்து அம்மக்களின் பேச்சையும் வாழ்வையும் அறிந்த மாணவருக்கு ஒரு தகுதி ஏற்கெனவே கைவந்திருக்கிறது. எஞ்சியவற்றைக் கல்வி தரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் தொழில் ஒன்றைத் தேர்ந்து, அதில் ஈடுபடுவோரின் உடல்நலம் குறித்துக் கேட்பதற்கான ஐந்து வினாக்களை உருவாக்குக.

2. ‘ஒப்பிடாமல் காரணம் கூறலாகாது’ – பாடப்பகுதியின் துணைகொண்டு விளக்குக.