ஹைட்ராலிக் கிளட்ச்: கோளாறுகளைக் கண்டறியும் முறைகள்

திருச்சி, திருவரங்கம் பகுதிகளில் வாழை பயிரிடும் உழவர்களில் சொந்தமாகக் காரோ சிறு சரக்கு வேனோ வைத்திருப்போர் பலர் உள்ளனர். உத்தமர்சீலி, கிளிக்கூடு போன்ற ஊர்களில் பூவன் தார் ஏற்றிக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குக் கிளம்பும் வண்டி, காவிரிப் பாலத்து நெரிசலில் கியர் விழாமல் நின்றுவிட்டால் அன்றைய விற்பனை கெட்டுவிடும். வெயில் ஏற ஏறத் தாரின் மதிப்பும் இறங்கும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. சிலிண்டருக்குள் இருக்கும் ஒரு சிறு ரப்பர் வாஷர் தேய்ந்ததை அறியாமல், கியர் பெட்டியை இறக்கிக் கிளட்ச் தட்டை மாற்றிப் பல ஆயிரம் ரூபாய் செலவு செய்த பின்னும் பழைய கோளாறு அப்படியே இருப்பதுதான் அது. கோளாறு எண்ணெய்ப் பகுதியிலா, தட்டுப் பகுதியிலா என்பதை முதலில் பிரித்தறிந்தால் இந்த வீண் செலவைத் தவிர்க்கலாம்.

வேலை செய்யும் விதம்

மாருதி 800 போன்ற கார்களில் பெடலையும் கிளட்சையும் ஒரு கம்பிக் கேபிள் இணைத்தது. ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிகளில் கேபிளுக்குப் பதிலாகக் குழாயில் உள்ள பிரேக் ஆயில் அந்த வேலையைச் செய்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் கியர் பெட்டியருகே உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை நகர்த்தும். அது தடியைத் தள்ளிக் கிளட்சை விடுவிக்கும்.

மாஸ்டர் பிஸ்டனின் பரப்பு 2 சதுர செ.மீ., ஸ்லேவ் பிஸ்டனின் பரப்பு 3 சதுர செ.மீ. என்று கொள்வோம். மாஸ்டர் பிஸ்டன் 30 மி.மீ. நகர்ந்தால் 6 மி.லி. எண்ணெய் தள்ளப்படும். ஸ்லேவ் பிஸ்டன் 20 மி.மீ. நகரும். குழாயில் காற்று புகுந்து, அது அழுந்துவதிலேயே 1.5 மி.லி. வீணானால் ஸ்லேவ் பிஸ்டன் 15 மி.மீ. மட்டுமே நகரும். கிளட்ச் முழுவதும் விடுபடாது, கியர் உறுமும். கால் தேக்கரண்டிக்கும் சற்றே கூடுதலான அளவு குறைந்தாலே வண்டி நின்றுவிடும் என்பதைக் கவனிக்கவும்.

முதற் சோதனை: எண்ணெய்க் கிண்ணம்

பானெட்டைத் திறந்து, கிண்ணத்தில் எண்ணெய் மேல் கோட்டிற்கும் கீழ்க் கோட்டிற்கும் இடையே உள்ளதா எனப் பார்க்கவும். பல கார்களில் பிரேக்கிற்கும் கிளட்சிற்கும் ஒரே கிண்ணம்தான். கிளட்சிற்குச் செல்லும் துளை சற்று உயரத்தில் இருக்கும். ஆகவே எண்ணெய் குறையும்போது முதலில் கைவிடுவது கிளட்ச்தான். பிரேக் பகுதியில் கசிவு இருந்தாலும் கிளட்ச் பெடல்தான் முதலில் இறங்கக்கூடும். இத்தகைய வண்டியில் எண்ணெய் குறைந்து கிளட்ச் பெடல் இறங்கினால், அதைப் பிரேக்கின் எச்சரிக்கையாகவும் கொள்ளுதல் வேண்டும். எண்ணெயை ஊற்றிவிட்டு ஓட்டிச் செல்வது ஆபத்தானது. நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் பார்த்துக் கசிவைக் கண்ட பின்னரே வண்டியை எடுக்கவும்.

கிளட்ச் பகுதியில் கசிவைத் தேட வேண்டிய இடங்கள்:

1. பெடலுக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டரின் பின்புறம். கால்மிதி நனைந்திருக்கும்.
2. குழாய் இணைப்புகள், ரப்பர் ஹோஸ்.
3. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடி. மூடியை விலக்கினால் உள்ளே ஈரம் தெரியும்.
4. சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கிளட்ச் கூட்டுக்குள்ளேயே இருக்கும். இவற்றில் கூட்டின் அடியில் எண்ணெய் சொட்டும். இதற்குக் கியர் பெட்டியை இறக்கியே தீர வேண்டும். அப்போது தட்டின் தேய்மானத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாம் சோதனை: பெடல் சொல்லும் செய்தி

பெடல் பஞ்சுபோல் மெத்தென்று இறங்கி, இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் கியர் விழுகிறதா? குழாயில் காற்று புகுந்துள்ளது. காற்று வந்த வழியையும் கண்டறிய வேண்டும்.

பெடலை மிதித்துப் பிடித்திருக்கையில் மெல்ல மெல்லக் கீழிறங்கி, சிக்னலில் நிற்கும் வண்டி தானே முன்னே நகர்கிறதா? வெளிக்கசிவு எதுவும் இல்லையெனில் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர் தேய்ந்திருக்கும்.

பெடல் சரியாக இருந்தும், மேடேறும்போது இன்ஜின் மட்டும் வேகமெடுத்து, வண்டி இழுக்காமல் கருகிய வாடை வருகிறதா? கிளட்ச் வழுக்குகிறது. பெரும்பாலும் தட்டின் தேய்மானமே காரணம். எனினும், ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொண்டாலும் எண்ணெய் திரும்பாமல் கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே நிற்கும். கிளட்ச் வழுக்கும்போதே இன்ஜினை நிறுத்தி, பெடலில் கால் வைக்காமல், ஸ்லேவ் சிலிண்டரின் பிளீடர் நிப்பிளைச் சற்றுத் தளர்த்தவும். எண்ணெய் பீய்ச்சி அடித்து, அதன் பின் கிளட்ச் பிடித்தால் கோளாறு எண்ணெய்ப் பகுதியில்தான்.

மூன்றாம் சோதனை: அளவுகோல்

சமதரையில் இன்ஜினை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லக்கூடாது. ஒருவர் பெடலை முழுவதும் மிதிக்க, மற்றவர் ஸ்லேவ் தடி நகரும் தூரத்தை அளந்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுடன் ஒப்பிடவும். தூரம் குறைந்தால் கோளாறு எண்ணெய்ப் பகுதியில். தூரம் சரியாக இருந்தும் கியர் உறுமினால், தட்டு, பிரஷர் பிளேட், பேரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கியர் பெட்டியை இறக்குமுன் இந்தச் சோதனையைச் செய்யுமாறு மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஸ்லேவ் சிலிண்டர் கூட்டுக்குள் உள்ள வண்டிகளில் இவ்வாறு அளக்க இயலாது.

காற்றை வெளியேற்றுதல்

பிளீடர் நிப்பிளில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் உள்ள புட்டியில் அமிழ்த்தவும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, குமிழ் வெளியேறியதும் மூடவும். நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும். குமிழ் நிற்கும்வரை இவ்வாறு செய்யவும். இடையில் கிண்ணம் காலியானால் மீண்டும் காற்று புகும். வெளிவந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றுதல் கூடாது.

எண்ணெயில் கவனம்

கிண்ணத்தின் மூடியில் குறித்துள்ள டாட் 3 அல்லது டாட் 4 வகை பிரேக் ஆயிலையே ஊற்றவும். அவசரத்திற்கு இன்ஜின் ஆயிலையோ டீசலையோ ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதிவிடும். கிண்ணம் பொதுவானால் பிரேக்கும் கெடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 எண்ணெயின் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது. ஈரம் ஏறியபின் இந்த வரம்பு 140 டிகிரிதான். ஆகவே திறந்து வைத்த பழைய டப்பாவைப் பயன்படுத்தாமல், கையேட்டில் கூறியபடி, பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை, எண்ணெயை மாற்றவும். கையிலோ கண்ணிலோ பெயின்ட்டிலோ பட்டால் உடனே நீர்விட்டுக் கழுவவும்.

அறுவடைக்கு முன் தாரின் முதிர்ச்சியைப் பார்ப்பதுபோல, வாரம் ஒருமுறை எண்ணெய்க் கிண்ணத்தையும் பார்த்து வந்தால் பாலத்தில் நிற்க நேராது. உழவர் பெருமக்கள் இச்சோதனைகளை வரிசை தவறாமல் கையாண்டு, வீண் செலவையும் விபத்தையும் தவிர்த்துப் பயன் பெறலாம்.