டிஸ்க் போச்சா, கேபிள் போச்சா?

ஃபைனல் இயர் வந்துட்டா ஹாஸ்டலில் ரெண்டு கேள்வி அடிக்கடி காதில் விழும். ஒண்ணு, "பிளேஸ்மென்ட் என்னாச்சு?" இன்னொண்ணு, "மச்சி, என் ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப் எடுக்க மாட்டேங்குது, கொஞ்சம் பாரேன்." முதல் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. ரெண்டாவதுக்கு இந்தக் கட்டுரை.

டிஸ்க் விலை பெரிசில்லை, உள்ளே இருப்பதுதான் பெரிசு. ப்ராஜெக்ட் ரிப்போர்ட், அக்கா கல்யாண வீடியோ, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடிச்சப்போ சாய்ந்து கிடந்த பலா மரம், முந்திரித் தோப்பு போட்டோ என்று எங்க பக்கத்து வீடுகளில் எல்லாமே அந்த ஒரே பெட்டிக்குள்தான் இருக்கும்.

எங்க ஊர் திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிவபெருமான் மூணு கோட்டையையும் ஒரே சிரிப்பில் எரித்த தலம். நமக்கு அந்த வசதி கிடையாது, ஒவ்வொரு கோட்டையாத்தான் போகணும். முதலில் கரண்ட்டும் கேபிளும். அடுத்தது பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட்டும் டிஸ்க்கும். கடைசியில், டிஸ்க் மேலே எழுதியிருக்கும் கணக்கு, அதாவது பார்ட்டிஷனும் ஃபைல் சிஸ்டமும். கோளாறு எந்தக் கோட்டையில் என்று தெரியாமல் எந்தப் பட்டனையும் அமுக்கக் கூடாது.

கேபிள் விஷயம் சீக்கிரம் முடிஞ்சிடும். யூஎஸ்பி 2.0 போர்ட் கணக்குப்படி கொடுப்பது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3.0 என்றால் 900. கையடக்கமான 2.5 இன்ச் டிஸ்க் சுத்த ஆரம்பிக்கிற அந்த ஒரு நொடியில் ஒரு ஆம்பியரை ஒட்டிக்கூட இழுக்கும். அதனால் ஹப்பில் மாட்டாதீங்க. லேப்டாப்பில் நேரா மாட்டுங்க, டெஸ்க்டாப் என்றால் பின்பக்க போர்ட்டில். பெரிய 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியா வேணும். கேபிளை மாத்திப் பார்க்க ஒரு சின்ன வழி இருக்கு. டிஸ்க் பக்கம் ரெண்டு பகுதியா அகலமா இருக்கும் சாக்கெட்டில், பெரிய பகுதிக்குள் பழைய ஆண்ட்ராய்டு போனின் மைக்ரோ யூஎஸ்பி கேபிள் பொருந்தும். வேகம் குறையும், ஆனா டிஸ்க் உயிரோடு இருக்கா என்று தெரிஞ்சிடும். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள்களும் உண்டு, அதில் டேட்டா ஒயரே இருக்காது. போனில் ஃபைல் காப்பி பண்ணிப் பார்த்த கேபிளா எடுங்க.

இப்போ டிஸ்க்கைக் காதுகிட்ட வச்சுக் கேளுங்க. சீரா சுத்துற சத்தம் வந்தா நல்லது. டிக், டிக், டிக் என்று ஒரே தாளத்தில் தட்டினால் உடனே கழட்டிடுங்க, அதைப் பத்தி கடைசியில் சொல்றேன்.

சுத்துது, ஆனா எக்ஸ்ப்ளோரரில் காணோம் என்றால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்க. டிஸ்க் 'ஹெல்தி' என்று வந்து பக்கத்தில் எழுத்து மட்டும் இல்லை என்றால், டிரைவ் லெட்டர் ஒண்ணு கொடுத்தா வேலை முடிஞ்சது. 'ஆஃப்லைன்' என்று இருந்தால் ஆன்லைன் பண்ணுங்க. 'நோ மீடியா' என்று வந்தால், யூஎஸ்பி சர்க்யூட் பேசுது, பின்னால் இருக்கும் டிஸ்க் பதில் சொல்லலை என்று அர்த்தம். அப்படின்னா ரெண்டாவது கோட்டை. பல பெட்டிகளில் உள்ளே இருப்பது சாதாரண சாட்டா டிஸ்க், எடுத்து வேறு கேஸில் போட்டுப் பார்க்கலாம். சில மாடலில் யூஎஸ்பி சாக்கெட் போர்டிலேயே சால்டர் பண்ணியிருக்கும். இன்னும் சிலதில் அந்த சர்க்யூட்டே டேட்டாவை என்கிரிப்ட் பண்ணி எழுதும், வேறு கேஸில் போட்டா வெறும் குப்பையாத்தான் தெரியும்.

அதிகம் பேர் டேட்டாவைத் தொலைப்பது மூணாவது கோட்டையில்தான். "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று விண்டோஸ் ரொம்ப மரியாதையா கேட்கும். "இதில் இருப்பதை எனக்குப் படிக்கத் தெரியலை" என்பதைத்தான் அது இப்படிச் சொல்லுது. லேபில் உபுண்டுவில் இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் பண்ணின டிஸ்க்கை வீட்டு விண்டோஸில் மாட்டினாலும் இதே கேள்வி வரலாம், மேக்கில் எழுதின டிஸ்க்குக்கும் அப்படித்தான். டிஸ்க் முழு ஆரோக்கியத்தோடு இருக்கும், பாஷைதான் புரியலை. தமிழ் தெரியாதவர் கையில் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் "வெத்துத்தாள்தானே, அழிச்சிடவா?" என்று கேட்கிற கதை. எந்தச் சிஸ்டத்தில் எழுதினோமோ அதிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்க.

அதிலும் வரலை, 'ரா' என்று காட்டுது என்றால் கணக்குப் புத்தகம் கிழிஞ்சிருக்கு. போட்டோ எல்லாம் அனேகமா அந்தந்த இடத்திலேயே இருக்கும். குயிக் ஃபார்மட் புதுக் கணக்கு எழுதுவதோடு நிறுத்தும். ஆனா விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு முழு ஃபார்மட் என்றால் டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதும், அப்புறம் யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது. 'இனிஷியலைஸ்' என்று கேட்டாலும் கேன்சல். யூடியூபில் எல்லாரும் சொல்ற செக்டிஸ்க்கும் இப்போ வேண்டாம். அதன் வேலை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்துவது, அதுக்காக டிஸ்க் மேலேயே எழுதும், பொருந்தாத ஃபைலை வெட்டியும் போடும்.

முதலில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஸ்மார்ட் விவரம் பாருங்க. 'கரென்ட் பெண்டிங் செக்டார்' பூஜ்யமா இல்லாமல் ஏறிக்கிட்டே போனால் டிஸ்க் தேய ஆரம்பிச்சாச்சு. அப்போ லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ மூலம் முழு டிஸ்க்கையும் வேறொரு பெரிய டிஸ்க்குக்கு நகல் எடுங்க. நல்லா இருக்கும் பகுதியை முதலில் அள்ளிக்கிட்டு, முரண்டு பிடிக்கும் இடத்தைக் கடைசியில் முட்டும் புத்திசாலி அது. அப்புறம் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் எல்லாமே அந்த நகல் மேல்தான். எல்லாம் இலவசம்.

இனி அந்த டிக் டிக். உள்ளே ஹெட், தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்குது. தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர். நெய்வேலிக் காத்தில் இருக்கும் தூசியை நினைச்சுக்கிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைங்க. ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியமும் வேண்டாம், உள்ளே ஈரம் கோர்க்கும். ஈசிஇ நண்பர்களுக்குத் தனியா ஒரு வார்த்தை: அதே மாடல் போர்டை வாங்கி மாத்தினா மட்டும் போதாது. அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பழைய போர்டின் ராம் அல்லாத ஒரு சின்ன மெமரி சிப்பில் இருக்கும், அதையும் மாத்தணும்.

இந்த நிலையிலும் நம்பிக்கை உண்டு. கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியா விண்கலம் 2003 பிப்ரவரி 1-ல் சிதறியபோது, அதிலிருந்த ஹார்ட் டிஸ்க் ஒண்ணு டெக்சாஸில் பிறகு கிடைத்தது. பிளாஸ்டிக் எல்லாம் உருகி, பார்க்க ஒரு கரிக்கட்டி. வல்லுநர்கள் தட்டுகளைச் சுத்தம் செய்து வேறு டிஸ்க்கின் உடம்பில் பொருத்தி சுமார் 99 சதவீத டேட்டாவை எடுத்தார்கள். செனான் வாயு பற்றிய அந்தச் சோதனை முடிவு 2008-ல் ஆய்விதழில் வந்தது. டிஸ்க்கில் பாதிதான் எழுதியிருந்தது, சேதமோ எழுதாத பகுதியில். அதுக்கு மேல் யாரும் புதுசா ஒண்ணும் எழுதலை.

அதனால் ரெக்கவரி கடைக்குப் போகிற நிலை வந்தால், இடையில் "இன்னொரு தடவை" என்று மாட்டாமல் கொண்டு போங்க. கீழே விழுந்ததா, எப்போ சத்தம் ஆரம்பிச்சது, எந்த சாஃப்ட்வேர் ஓட்டினீங்க என்பதை மறைக்காமல் சொல்லுங்க. க்ளீன் ரூம் இருக்கா, டேட்டா வரலைன்னா எவ்வளவு கட்டணும் என்று பெட்டியைக் கொடுக்கும் முன்னாடியே கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்கிக்கங்க.