டேஷ்கேமும் ஜெராய் மலையும்

அன்புள்ள தம்பிக்கு,

சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங் போகும் சாலையில் காரில் மின்னல் எஃப்எம் பாடிக்கொண்டிருக்கும். ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கும் ஜெராய் மலை கண்ணெதிரே. இருந்தும் பாட்டுக்கு நடுவே 'கர்ர்' என்று இரைச்சல். புதிதாக மாட்டிய டேஷ்கேமின் ஒயரைப் பிடுங்கினால் பாட்டு தெளிந்துவிடும்.

கேமரா குற்றவாளி இல்லை. பெரும்பாலும் அதன் மலிவு சார்ஜர்தான். காரின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்க, அது மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டி விடுகிறது. ஒவ்வொரு வெட்டும் எவ்வளவு வேகமோ, அதன் சிதறல் அவ்வளவு உயர்ந்த அலைவரிசைக்கு ஏறும். எஃப்எம் வானொலி இருப்பதோ 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. சிதறல் அங்கே எட்டிவிட்டால் ஒயரே ஆன்டெனா ஆகிவிடும்.

இப்படி ஒரு கருவி இன்னொன்றைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதற்கு 'மின்காந்த இணக்கம்' என்று பெயர். இதை மாணவர்களின் பாடமாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பேராசிரியர் கிளேட்டன் பால். கென்டக்கி பல்கலைக்கழகத்திலும் பிறகு மெர்சர் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தவர், 2012-இல் காலமானார். கணினி போன்ற கருவிகளின் இரைச்சலுக்கு அமெரிக்கா 1979-இல் வரம்பு விதித்தபின் பொறியாளர்கள் திணறினார்கள். 1992-இல் வந்த அவருடைய பாடநூல் அவர்களுக்குக் கைகொடுத்தது.

அதில் ஒரு கணக்கு உண்டு. ஒரு மீட்டர் நீளப் பட்டை ஒயர், 30 மெகாஹெர்ட்ஸ். ஒரு கம்பியில் போன மின்னோட்டம் பக்கத்துக் கம்பியில் ஒழுங்காகத் திரும்பினால், இரண்டின் அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த அமெரிக்க வரம்பைத் தொடச் சுமார் 20 மில்லி ஆம்பியர் வேண்டும். திரும்ப வேண்டியதில் கொஞ்சம் வேறு வழியாக நழுவி, இரு கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடினால்? வெறும் 8 மைக்ரோ ஆம்பியர் போதும். 2,500 மடங்கு வித்தியாசம்!

மின்சுற்று வரைபடத்தில் இந்தத் திருட்டு மின்னோட்டம் தெரியாது. அதில் ஒயர் வெறும் கோடுதானே.

இந்தச் சிக்கல் நம் ஊர்ப் பக்கமும் வந்துவிட்டது. கூலிமில் 2006 முதல் இயங்கும் இன்ஃபினியன் ஆலையில், 2024 ஆகஸ்டில் சிலிக்கான் கார்பைடு சில்லுக்கென்று புதிய பிரிவு திறந்தார்கள். பழைய சிலிக்கானைவிட வேகமாக மின்சாரத்தை வெட்டும் சில்லு அது. மின்சாரம் மிச்சம், இரைச்சலை அடக்கும் வேலையோ கூடுதல். தோட்டத்திலிருந்து பொறியியல் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு, பேருந்து தூரத்தில் இருக்கும் வேலை இது.

நம் டேஷ்கேமுக்கு வருவோம். பழைய கணினித் திரையின் ஒயரில் விரல் தடிமனில் ஒரு கறுப்பு உருளை இருக்குமே, பார்த்திருக்கிறாயா? உள்ளே இருப்பது பெர்ரைட். போய்த் திரும்பும் மின்னோட்டத்தை விட்டுவிடும். ஒரே திசையில் ஓடுவதை மட்டும் மறிக்கும். கடையில் கிளிப் போலவும் கிடைக்கும். டேஷ்கேம் ஒயரை அதற்குள் இருமுறை நுழைத்தால் மறிப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். லீவில் வரும்போது ஒன்று வாங்கி வா. அதே சாலையில் மாட்டிப் பார்த்து, இரைச்சல் எவ்வளவு குறைந்தது என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்