இல்லாத தட்டுகளின் பட்டியல்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்காபரோவிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஜாஸ் பற்றி நான் எழுதியதை உங்கள் அக்கா வாசிக்கத் தந்ததாகச் சொல்லியிருந்தீர்கள். "உங்களிட்ட இல்லாத தட்டுகளின்ர பட்டியலை அனுப்புங்கோ ஐயா, இங்க பழைய கடைகளில தேடி வாங்கி அனுப்புறன்" என்றும் கேட்டிருந்தீர்கள். முன்பின் தெரியாத ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது? மூன்று இரவு இருந்து பட்டியல் போட்டேன். பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தபோது, கடைசிப் பந்தியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என்னிடம் இருப்பவை 63 எல்பி தட்டுகள். இங்கே செட்டிகுளத்து வெயிலில் தட்டு வளையாமல் வைத்திருப்பதே பெரும்பாடு. உறைகளில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் ப்ளூ' என்னிடம் கசெற்றாக மட்டுமே உண்டு. அதுவும் பிரதியின் பிரதி. ஜாஸ் எனக்குத் தட்டில் வரவில்லை, சிற்றலையில் வந்தது. 1955 முதல் அமெரிக்காவின் குரல் வானொலியில் வில்லிஸ் கொனோவர் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார். றேடியோ திருத்தக் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், திருத்தி முடித்த பெட்டி சரியாக வேலைசெய்கிறதா என்று பார்க்கும் சாட்டில் இரவிரவாக அதைக் கேட்டிருக்கிறேன். நிகழ்ச்சியின் தொடக்க இசை டியூக் எலிங்டன் குழுவின் 'டேக் தி ஏ ட்ரெயின்'. அது நியூயோர்க்கின் நிலக்கீழ் ரயிலைப் பற்றியது என்பது பின்னாளில்தான் தெரிந்தது. அதுவரை எங்கள் தலைமன்னார் ரயிலை நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

அந்த ரயிலைப் பற்றிச் சொல்லாமல் என் சேகரிப்பைப் பற்றிச் சொல்ல முடியாது. 1914இல் மதவாச்சி–தலைமன்னார்ப் பாதை திறந்தது. சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறி, செட்டிகுளத்தைக் கடந்துதான் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகவேண்டும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அதுதான் வழி. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து எங்கள் கோயில் திருவிழாக்களுக்கு வந்த நாதஸ்வரக்காரரும் தவில்காரரும், உறையிட்ட தவில்களை மடியில் வைத்தபடி இந்தத் தண்டவாளத்தில்தான் வந்தார்கள். 1990இல் ரயில் நின்றது, தண்டவாளமும் காணாமற்போனது. 2013இல் மடு றோட்வரை ரயில் மறுபடி வந்த நாளில் நிலையத்துக்குப் போய் நின்றேன்.

இனி உங்கள் கேள்வி. முதலில், கடையில் கிடைக்கக்கூடியவை. அலிஸ் கோல்ட்ரேனின் 'ஜேர்னி இன் சச்சிதானந்தா', 1971. கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர், 1953இலிருந்து திருகோணமலையிலும் கண்டியிலும் பணிசெய்துவிட்டு 1966இல் நியூயோர்க் போனவர். கணவர் ஜோன் கோல்ட்ரேனை இழந்து தவித்த அலிஸுக்கு அவர்தான் ஆறுதலானார். அந்தத் தட்டில் பெரும்பாலும் தம்பூரா ஓடிக்கொண்டிருக்கும். அதை அனுப்பினால் மறுக்கமாட்டேன். சார்லி மரியானோவின் 'ஜோதி', 1983. பொஸ்டனில் பிறந்த அந்த சாக்சபோன்காரர் நாதஸ்வரம் கற்க இந்தியாவுக்கே போய்த் தங்கியவர். சீவாளியின் இரட்டை நாக்கு சாக்சபோனின் ஒற்றை நாக்குக்காரரை எவ்வளவு பாடுபடுத்தியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். ஜாஸ் பியானோக்காரர் விஜய் ஐயரின் தட்டுகள் எதுவும் என்னிடம் இல்லை.

இவை காசு இருந்தால் தீரும் குறைகள். இன்னொரு வகைக் குறை இருக்கிறது.

1963இல் எலிங்டன் தன் முழு வாத்தியக் குழுவோடு டமாஸ்கஸ் தொடங்கி ஆசிய நாடுகள் பலவற்றில் சுற்றினார். இலங்கைக்கும் வந்தார், கொழும்பில் வாசித்தார். கென்னடி கொல்லப்பட்டதோடு அந்தப் பயணம் பாதியில் நின்றது. அதன் நினைவாக அவரும் பில்லி ஸ்ட்ரேஹோர்னும் ஆக்கியதுதான் 'ஃபார் ஈஸ்ட் சூட்'. அதில் ஆக்ரா இருக்கிறது, டெல்லியின் மைனா இருக்கிறது, லெபனானின் மலை இருக்கிறது. இஸ்பகான் இருக்கிறது, அந்த மெட்டு பயணத்துக்கு முன்பே வேறு பெயரில் எழுதப்பட்டு, பிறகு ஈரானின் நகரப் பெயரைச் சூடிக்கொண்டது. இலங்கைக்கு அப்படி இரவல் மெட்டுக்கூடக் கிடைக்கவில்லை. 1958இல் வந்த டேவ் புரூபெக்கின் 'ஜாஸ் இம்ப்ரஷன்ஸ் ஒஃப் யூரேசியா'விலும் கல்கத்தா உண்டு, நாங்கள் இல்லை. 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்னிடம் இருக்கிறது. எத்தனை முறை போட்டாலும், முடியும்போது இன்னுமொன்று வரவேண்டும் என்றே காது காத்திருக்கும்.

இதுகூடத் தாங்கலாம். தாங்க முடியாதது தவில்காரர் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் குறை.

1933இல் இணுவிலில் பிறந்து 1975இல் போய்விட்டார். கோல்ட்ரேன் 1926இலிருந்து 1967வரை. இரண்டு பேரும் நாற்பதை ஒட்டியே போனவர்கள். ஆனால் கோல்ட்ரேனுக்கு ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது, நிறுவனம் இருந்தது. 1961இல் அவர் வாசித்த 'இந்தியா'வில் ஒத்துப் பிடிப்பதுபோல அடியில் நின்று முழங்கும் சுருதியைக் கேட்டால், எங்கள் கோயில் வீதியில் இதைக் கேட்டிருக்கிறேனே என்று தோன்றும். தட்சிணாமூர்த்தியின் தவிலுக்கு அப்படிக் கூடம் வாய்க்கவில்லை. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ரசிகர்கள் பதிந்த நாடாக்கள்தான். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்திய தேசிய விருது கிடைத்தது. அதைப் பார்த்தபோது மகிழ்ச்சியும் வந்தது, தவிப்பும் வந்தது.

சிறுவனாக அம்மாவின் ஊர்க் கோயிலில் ஒருமுறை அவருடைய மேளச்சமா கேட்டேன். மணலில் தூங்கிவிழுந்தவனை அப்பா தட்டி எழுப்பி, "இதைக் கேள், பிறகு கேக்க ஏலாது" என்றார். வலது கை விரற்கூடுகள் பேச, இடது கைக் கழி அதை மறுத்துப் பேசியது. சனம் மூச்சுவிடவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாத வயது. விடிந்துவிட்டது என்பது மட்டும் நினைவிருக்கிறது. பழைய 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஓடும். எலிங்டன் 1935இல் 'ரெமினிசிங் இன் டெம்போ'வை நான்கு பக்கங்களாகத் துண்டாட வேண்டியிருந்தது. விடியவிடிய நடக்கும் சமாவை எந்தத் தட்டில் ஏற்றுவது?

அதை ஓரளவுக்கேனும் ஏற்றியது கசெற்தான். அந்தக் கசெற்றுகளுக்கு என்ன நடந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களுக்காக, எங்கள் ஊர்க் காட்டை வெட்டித்தான் மெனிக் பாம் முகாமை அமைத்தார்கள். வவுனியா முகாம்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சனம். முகாமின் வலயங்களுக்குப் பெரிய மனிதர்களின் பெயர் வைத்திருந்தார்கள். ஒன்று ஆனந்த குமாரசுவாமி. அதற்கு நூறு ஆண்டுக்கு முன், 1909இல், கிராமபோன் கலையைக் கொன்றுவிடும் என்று கவலைப்பட்டு எழுதியவர் அவர். அவருடைய பெயர் தாங்கிய கூடாரங்களுக்குள் இருந்தவர்களோ, வீட்டில் விட்டுவந்த கசெற்றை நினைத்து அழுதார்கள்.

முகாமிலிருந்து வெளியே போய்வர அனுமதி கிடைத்த பிறகு, ஒரு தாய் என் கடைக்கு வந்தார். இடுப்பில் முடிந்திருந்த பொலித்தீன் பையை அவிழ்த்து ஒரு கசெற்றை மேசையில் வைத்தார். தன் கல்யாண வீட்டுப் பதிவு, நந்திக்கடல் தண்ணீரில் நனைந்தது என்றார். ஐந்து திருகாணியையும் கழற்றியபோது உள்ளே உப்புப் பூத்திருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தாலே வெள்ளை படியும். ஆகவே பற்றறிக்கு ஊற்றும் தண்ணீரில் நாடாவைக் கழுவி, நிழலில் உலரவிட்டு, கிழிந்த இடங்களை ஒட்டி, வேறொரு கூட்டுக்குள் சுற்றினேன். நான்கு நாள் வேலை. 11 நிமிடம் தேறியது. நாதஸ்வரம் ஓய்ந்து தவில் தனியாகத் தொடங்கும் இடத்தில், பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், "அந்தப் பந்திக்கு இன்னும் சோறு போகேல்லை" என்று சத்தம் போடுகிறது. "ஐயாவின்ர குரல்" என்றார் அந்தத் தாய். அவருடைய தகப்பன் போர் முடிந்த அந்த மே மாதத்தில் இறந்தவர். தவில் ஏறிக்கொண்டே போய், பக்கம் முடிந்து டக்கென்று நின்றது. அந்தத் தவில்காரர் யார் என்று எழுதியிருந்த தாளை உப்புத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

இப்போது உங்கள் கடைசிப் பந்திக்கு வருகிறேன். "வீட்டை விற்கப்போறம், அப்பா 1986இல் முள்ளியவளையிலிருந்து கொண்டுவந்த கசெற்றுகள் ஒரு பெட்டி நிலவறையில கிடக்குது, அதையும் எறியவேணும்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

தம்பி, எறியவேண்டாம். 1963 மார்ச்சில் கோல்ட்ரேன் ஒரே நாளில் பதிந்த தட்டு ஒன்று 55 ஆண்டு காணாமலிருந்தது. அவர் வீட்டுக்குக் கொண்டுபோன கேட்புப் பிரதியை முதல் மனைவி நைமாவின் குடும்பம் வைத்திருந்ததால்தான் 2018இல் அது வெளிவந்தது. 1957இல் தெலோனியஸ் மங்க்கும் கோல்ட்ரேனும் கார்னகி மண்டபத்தில் வாசித்த நாடாவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 2005இல் கண்டெடுத்தார்கள். எங்களுக்கு யாழ்ப்பாணத்தில் அப்படிப்பட்ட நூலகம் இருந்தது; அது 1981 ஜூன் முதலாந் திகதி எரிந்துகொண்டிருந்தது. ஆகவே எங்கள் நாடாக்கள் இருக்கக்கூடிய இடம், போர் முற்றுமுன்பே ஊரைவிட்டுப் போனவர்களின் சூட்கேசுகள்தான். நீங்கள் எனக்குத் தட்டு வாங்க நினைக்கிறீர்கள். என்னிடம் இல்லாதது உங்கள் காலடியில் கிடக்கலாம்.

ஒன்றையும் போட்டுக் கேட்காதீர்கள். பழைய நாடா முதல் சுற்றிலேயே அறுந்துபோகலாம். பூஞ்சணம் பிடித்தவற்றைத் தனியே வையுங்கள். ஒவ்வொன்றின் தாளையும் இரு பக்கமும் படமெடுங்கள்; பென்சிலால் எழுதிய எதையும் துடைக்கவேண்டாம், அதில் கோயிலின் பெயரோ திகதியோ இருக்கும். எண்ணிமமாக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து ஒரு பிரதியை, எண்ணிம ஆவணகம் நடத்தும் 'நூலகம்' நிறுவனத்தாருக்கு அனுப்புங்கள். அப்பாவைப் பக்கத்தில் இருத்தி, யார் வீட்டுக் கல்யாணம், எந்தச் செற் மேளம் என்று கேட்டு எழுதுங்கள். அவருக்கு வயது 78 என்கிறீர்கள். அதை இந்த வாரமே செய்யுங்கள்.

படங்கள் வரும்வரை காத்திருப்பேன். பட்டியலைக் கிழித்துவிட்டேன்.

அன்புடன்,
செட்டிகுளத்திலிருந்து
றேடியோ திருத்தும் ஐயா